வெக்கை ஒழிந்த வரலாறு

2011-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 28-ஆம் தேதி ரோமாபுரியில் கூடியிருந்த ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை ஸ்தாபனத்தின் மகாநாடு, வெக்கை என்னும் மாட்டுக் கொள்ளைநோய் பூவுலகிலிருந்து அடியோடு நீங்கிவிட்டதென்று பிரகடனம் செய்தது. மனித முயற்சியால் முற்றிலும் வேரறுக்கப்பட்ட நோய்கள் இதுவரை இரண்டே. முதலாவது பெரியம்மை, இரண்டாவது இது. இன்று கறவை மாடு வைத்துப் பிழைக்கும் இளைஞர் பலருக்கு அந்த நோயின் பெயர்கூடத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் அவர்களுடைய பாட்டனார் காலத்தில், சந்தைக்குப் போய்த் திரும்பிய உழவுமாடு ஒன்று தீனி எடுக்காமல், அசை போடாமல், கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிய நின்றுவிட்டால், அந்தக் குடும்பத்துக்கு மட்டுமன்றி அந்தக் கிராமம் முழுவதற்குமே அவ்வருஷத்து உழவு கேள்விக்குரியதாகிவிடும்.

நோயின் போக்கை ஒரு தரம் கண்டவர் மறக்கமாட்டார். காய்ச்சல் கண்ட சில நாட்களில் ஈறுகளிலும் உதட்டின் உட்புறத்திலும் நாவின் அடியிலும் தவிடு தூவினாற்போலப் புண்கள் தோன்றும். எச்சில் கயிறாக ஒழுகும். பிறகு துர்நாற்றத்தோடு பேதி பீறிட்டு, உடலிலுள்ள நீரெல்லாம் வற்றி, பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு நாட்களுக்குள் மாடு விழுந்துவிடும். அதற்கு முன் இந்நோயை அறியாத மந்தையில் அது புகுந்தால் 100-க்கு 90 மாடுகளுக்கு மேல் மடிவதும் உண்டு. தப்பிப் பிழைத்த மாட்டை மட்டும் அது மறுபடி தீண்டுவதில்லை. அடைப்பான் வேறு, சப்பை வேறு, கோமாரி வேறு, வெக்கை வேறு என்று நம் நாட்டுக் குடியானவர்கள் பிரித்தறிந்திருந்தார்கள். தொண்டை வீங்கி மூச்சுத் திணறிச் சாகும் மாட்டையும், குளம்பிலும் வாயிலும் கொப்புளம் கண்டு நொண்டினாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும் மாட்டையும், பேதியோடு மடியும் மாட்டையும் அவர்கள் ஒன்றாகக் கருதியதில்லை. இந்தப் பகுத்தறிவை அவர்கள் எந்தக் கலாசாலையிலும் கற்கவில்லை. தொழுவத்தில் நின்று, பார்த்து, தந்தை சொல்லக் கேட்டுக் கற்றார்கள்.

வெக்கை ஒழிந்த வரலாற்றைக் கூறும் நூல்களில் பெரும்பாலானவை அதனைப் பரிசோதனைச் சாலைகளின் வெற்றியாகவே வர்ணிக்கின்றன. அந்தப் பெருமையை மறுப்பது நன்றிகெட்ட செயலாகும். ஆயினும் மூன்று நூற்றாண்டுக் காலத்தை ஊன்றிப் படிப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெளிவாகப் புலப்படும்: மாட்டின் பக்கத்தில் நாள்தோறும் நின்றவர்களின் அனுபவம் கல்விச்சாலைக்குள்ளும் மருந்துச்சாலைக்குள்ளும் அனுமதிக்கப்பட்ட காலங்களிலெல்லாம் நோய் பின்வாங்கியது, அவர்களைக் கேளாமல் காரியம் நடந்த காலங்களில் அது மீண்டும் தலையெடுத்தது.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவை இந்நோய் அலையலையாகத் தாக்கியது. 1711-இல் இத்தாலியில் அது பரவியபோது, போப்பாண்டவரின் வைத்தியராக இருந்த லான்சிசி, நோயுற்ற மாடுகளைக் கொன்று சுண்ணாம்பிட்டுப் புதைக்கவும், மாடுகளின் போக்குவரத்தைத் தடுக்கவும் ஆலோசனை கூறினார். 1714-இல் லண்டனைச் சூழ்ந்த பால்மாட்டுக் கொட்டில்களில் நோய் தோன்றியபோது, அரசரின் ரணவைத்தியரான தாமஸ் பேட்ஸ் இதே முறையைக் கையாண்டார். ஆனால் அவர் ஒரு படி மேலே சென்றார். மாட்டை இழந்தவனுக்கு ஈடு கொடுக்காவிட்டால் அவன் நோயை மறைத்து, மாட்டை இரவோடிரவாக விற்றுவிடுவான் என்பதை, பால்மாடு வைத்திருந்தோரிடையே பழகியதால் அவர் உணர்ந்திருந்தார். மாடு ஒன்றுக்கு 40 ஷில்லிங் வீதம் ஈட்டுத்தொகை கொடுக்க ஏற்பாடாயிற்று. சில மாதங்களில் நோய் அடங்கியது. நோய் ஒழிப்புச் சட்டங்களில் இன்றும் நிலைத்திருக்கும் ஈட்டுத்தொகை என்னும் நியாயம் அக்காலத்திலேயே இவ்வாறு செயலுக்கு வந்துவிட்டது.

ஹாலந்து தேசத்தில் நடந்தது இதனினும் வியக்கத்தக்கது. அந்நாட்டில் பாலும் வெண்ணெயுமே குடியானவர்களின் செல்வம். வெக்கையோ ஒரு தலைமுறைக்குள்ளேயே திரும்பத் திரும்ப வந்து தொழுவங்களைக் காலியாக்கிக்கொண்டிருந்தது. மனிதருக்கு அம்மைச் சீழை ஊன்றும் வழக்கத்தைப் பின்பற்றி, நோயுற்ற மாட்டின் மூக்குநீரில் நூலையோ துணியையோ நனைத்து, நல்ல மாட்டின் தோலைக் கீறி உள்ளே வைத்துத் தைக்கும் சோதனைகளைப் பண்டிதர்கள் செய்துபார்த்தார்கள். ஊன்றப்பட்ட மாடுகளில் பல மாண்டன. பிழைத்தவை நிலைத்த பாதுகாப்புப் பெற்றன. ஆனால் இவ்வளவு பெரிய சூதாட்டத்துக்கு எந்தக் குடியானவன் துணிவான்? இந்த இக்கட்டிலிருந்து வழிகாட்டியவர் எந்தக் கலாசாலையின் பட்டமும் பெறாத, கிரோனிங்கன் மாகாணத்து விவசாயியான கீர்ட் ரெய்ண்டர்ஸ். பெட்ரஸ் காம்பர் என்னும் புகழ்பெற்ற சரீர சாஸ்திர பண்டிதரோடு பழகி, ஊன்றும் முறையைக் கற்றுக்கொண்ட அவர், தம் தொழுவத்திலும் அண்டை அயலார் தொழுவங்களிலும் எந்தக் கன்று எந்தப் பசுவுக்குப் பிறந்தது, அந்தப் பசு முன்பு நோய்கண்டு மீண்டதா, ஊன்றிய பிறகு கன்று எப்படியிருந்தது என்பதையெல்லாம் கவனித்துவந்தார். நோய்கண்டு மீண்ட பசுக்களின் கன்றுகள் ஊன்றலை லேசான உபத்திரவத்தோடு, சில சமயம் எவ்வித உபத்திரவமுமின்றியே தாங்கிக்கொள்கின்றன என்பது அவருக்குத் தெரியவந்தது. அத்தகைய கன்றுகளைத் தேர்ந்தெடுத்து இளம் பருவத்தில் திரும்பத் திரும்ப ஊன்றுவதே உத்தமமான உபாயமென்று கண்டு, 1776-இல் அதனை நூலாக வெளியிட்டார்.

தாயிடமிருந்து கன்றுக்குப் பாதுகாப்பு இறங்கிவருகிறது என்னும் உண்மையை இவ்வளவு தெளிவாக எடுத்துச் சொன்னவர் அவருக்கு முன் ஒருவரும் இல்லை. கிருமி என்ற கருத்தே நிலைபெறாத காலம் அது. அந்தப் பாதுகாப்பு சீம்பாலின் வழியாகக் கன்றுக்குச் செல்கிறது என்று விஞ்ஞானம் விளக்குவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் செல்லவேண்டியிருந்தது. இன்று எந்தத் தடுப்பூசியானாலும் கன்றுக்கு எந்த வயதில் போடலாம் என்று கணக்கிடும்போது, தாயின் எதிர்ப்பொருள் எத்தனை மாதம் கன்றின் இரத்தத்தில் தங்கும் என்பதைக் கருதாமல் முடிவு செய்வதில்லை. அந்தக் கணக்கின் முதல் வரியை எழுதியவர் பால் கறந்து பிழைத்த ஒரு மனிதர். பெரியம்மைக்குத் தடுப்பூசி கண்ட ஜென்னரின் பெயரை அறிந்த கோடிக்கணக்கானவர்கள் ரெய்ண்டர்ஸின் பெயரை அறியாதிருப்பது சரித்திரத்தின் அநீதிகளுள் ஒன்றென்றே எனக்குத் தோன்றுகிறது.

கால்நடை மருத்துவக் கல்வி பிறந்ததும் இதே நோயின் நெருக்கடியில்தான். பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில் குதிரையேற்றப் பயிற்சிச்சாலையை நடத்திவந்த கிளாட் பூர்ஷெலா என்பவருக்கு, மாடுகளின் கொள்ளைநோயைத் தடுக்க ஒரு பள்ளி அமைத்துக்கொள்ள 1761-இல் அரசாங்கம் அனுமதி வழங்கியது. உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி அதுவே. அதன் மாணவர்கள் புத்தகத்தை முடித்துவிட்டு நோயைக் காணப் போகவில்லை. பள்ளி தொடங்கிய சிறிது காலத்திலேயே அவர்கள் நோய் கண்ட கிராமங்களுக்கு அனுப்பப்பட்டு, தொழுவத்திலேயே பாடம் கற்றார்கள்.

1865-இல் பால்டிக் கடற்கரைத் துறைமுகமான ரெவாலிலிருந்து ஹல் துறைமுகத்துக்கு வந்திறங்கிய மாடுகளோடு வெக்கை இங்கிலாந்தில் புகுந்தது. இப்படி நேரப்போகிறதென்று முன்கூட்டியே எச்சரித்த ஜான் காம்ஜீ என்னும் கால்நடை வைத்தியரின் குரல் வியாபாரிகளின் இரைச்சலில் அமுங்கிவிட்டது. லட்சக்கணக்கான மாடுகள் மடிந்த பிறகே கொன்று புதைக்கும் பழைய முறைக்குச் சட்டம் இடங்கொடுத்தது. அரசாங்கக் கால்நடை இலாகா ஒன்றும் அவ்வாறுதான் உதயமாயிற்று.

நம் நாட்டில் சென்னை ராஜதானி 1866-இலேயே கால்நடை நோய்ச் சட்டம் ஒன்றை இயற்றியது. பிறகு இந்திய அரசாங்கம் ஹாலன் என்பவரின் தலைமையில் அமைத்த கமிஷன், மாட்டுக் கொள்ளைநோய்களைப் பற்றி விசாரித்து, 1871-இல் விரிவான அறிக்கையை வெளியிட்டது. 1889-இல் புனா நகரில் நிறுவப்பட்ட பாக்டீரியா ஆராய்ச்சிச் சாலை, 1893-இல் இமயமலைச் சாரலில் குமாவுன் பிரதேசத்து முக்தேசுவரத்துக்கு மாற்றப்பட்டது. ஊர்களிலிருந்து ஒதுங்கிய இடமாதலால் நோய் வெளியே பரவாது என்பது ஒரு காரணம். மற்றொரு பெரும் நன்மையும் அங்கே இருந்தது. சமவெளி மாடுகள் வெக்கையை ஓரளவு தாங்குபவை, மலைமாடுகளோ அதற்கு எளிதில் இரையாகுபவை; ஆகையால் நோயைப் பயின்று சீரம் தயாரிப்பதற்கு மலைமாடுகளே ஏற்றவையாயின. லிங்கார்டு அங்கே தலைமை வகித்த காலத்தில், 1897-இல், தென்னாப்பிரிக்காவில் வெக்கையை ஆராய்ந்திருந்த ராபர்ட் கோக்கும் அவருடைய சகாக்களும் முக்தேசுவரத்துக்கு வந்து சென்றார்கள். சென்னையில் வேப்பேரியின் டாபின் ஹால் என்னும் மாளிகையில் 1903-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி, 20 மாணவர்களோடு கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. 1936-இல் அது சென்னைச் சர்வகலாசாலையோடு இணைக்கப்பட்டு, இத்துறையில் பட்டம் வழங்கும் முதல் இந்தியக் கல்லூரியாயிற்று.

இனி மருந்தின் விஷயம். நோயிலிருந்து மீண்ட மாட்டின் சீரம் சில நாட்களுக்கே பாதுகாப்புத் தரும். ஆகவே மாட்டின் ஒரு பக்கத்தில் நோயுள்ள இரத்தத்தையும் மறு பக்கத்தில் சீரத்தையும் ஒரே நேரத்தில் ஏற்றும் முறை, 1897-இல் கோலே, டர்னர் என்னும் இருவரால் வகுக்கப்பட்டு, பல தேசங்களில் கையாளப்பட்டது. பாதுகாப்பு நிலைத்தது, ஆனால் ஆபத்து இரு வகையில் காத்திருந்தது. சீரத்தின் அளவு சற்றுக் குறைந்தாலும் ஊசியே வெக்கையை உண்டாக்கிவிடும். அளவு சரியாக இருந்தாலும், இரத்தம் கொடுத்த மாட்டின் உடலில் உண்ணிகளால் பரவும் காய்ச்சலின் நுண்ணுயிர் மறைந்திருந்தால், ஊசி போட்ட மாடுகளுக்கெல்லாம் அந்தக் காய்ச்சல் தொற்றும். மருந்து ஏற்றிய சில வாரங்களில் தம் மாடு சிவந்த மூத்திரம் பெய்து செத்ததென்று ஒரு குடியானவர் வந்து முறையிட்டால், அதனை அறியாமையின் புலம்பலென்று ஒதுக்கும் வைத்தியரும் இருந்திருப்பார். அதிலே உண்மை உண்டென்று குறித்துக்கொண்ட வைத்தியரும் இருந்தார். மருந்து திருந்தியது பின்னவரால்.

மாடுகளுக்கு வரும் உண்ணிக்காய்ச்சலின் நுண்ணுயிர் ஆட்டின் இரத்தத்தில் தங்குவதில்லை. ஆதலால் மாட்டு இரத்தத்துக்குப் பதிலாக ஆட்டின் உடலில் வளர்த்த நோய்க்கிருமியைப் பயன்படுத்தலாம் என்று 1920-களில் முக்தேசுவரத்தில் எட்வர்ட்ஸ் முயன்றார். ஓர் ஆட்டிலிருந்து மற்றோர் ஆட்டுக்கென்று கிருமியைத் திரும்பத் திரும்பக் கடத்திவர, அது மாடுகளைக் கொல்லும் வீரியத்தை இழந்துகொண்டே வந்தது. பாதுகாப்பளிக்கும் குணமோ மாறவில்லை. அப்படியானால் சீரமே இல்லாமல் இந்த ஆட்டுக்கிருமியை மட்டும் கொடுத்தால் என்ன என்ற கேள்விக்கு ஆராய்ச்சிச் சாலை மட்டும் விடை கூறிவிடவில்லை. மத்திய மாகாணத்துக் கால்நடை இலாகாவை நடத்திய ஸ்டெர்லிங், கிராமாந்தரங்களில் சமவெளி மாடுகளுக்கு அதனைத் தனியாகவே கொடுத்துப் பார்த்து, அவை தாங்குகின்றன என்பதை 1932-இல் எழுதினார். சென்னை ராஜதானியின் கால்நடைத் துறையைச் சேர்ந்த சாண்டர்ஸும் கைலாசம் ஐயரும் கிருமியை ஆட்டிலிருந்து ஆட்டுக்கு 150 தடவை கடத்திப் பெற்ற அனுபவத்தை 1936-இல் வெளியிட்டார்கள். செலவு குறைந்தது, வேலை எளிதாயிற்று, சீரப் புட்டிகளைச் சுமந்து திரியும் கஷ்டம் நீங்கியது.

ஆனால் சமவெளி மாட்டுக்கு உகந்த மருந்து எல்லா மாட்டுக்கும் உகந்ததன்று. மலைமாடுகளுக்கும், சீமைக் காளையோடு சேர்த்த கலப்பின மாடுகளுக்கும், எளிதில் நோய்க்கு இரையாகும் பிற இனங்களுக்கும் ஆட்டுக்கிருமி கடுமையான காய்ச்சலை உண்டாக்கியது. சில இறந்தும் போயின. எந்த இனம் தாங்கும், எது தாங்காது, மெலிந்த மாட்டுக்குப் போடலாமா, கறவை குறையுமா என்னும் வினாக்களுக்கெல்லாம் விடை, ஊர் ஊராகப் பெட்டியைச் சுமந்து சென்று ஊசி போட்ட கால்நடை ஆய்வாளர்களின் குறிப்பேடுகளிலிருந்தே திரண்டது. கொரியாவில் ஜப்பானியரான நாகமுரா முயல்களில் கடத்தி 1938-இல் உருவாக்கிய மருந்து, ஆட்டுமருந்தைத் தாங்காத இனங்களுக்குப் பயன்பட்டது. ஒரு மருந்தின் தீங்கை அதனைக் கையாளுபவர் எழுதிவைத்தால்தான் அடுத்த மருந்தைச் செய்பவருக்கு எதைத் திருத்தவேண்டும் என்பது தெரியும். வெக்கைத் தடுப்பு மருந்தின் படிமுறை முழுவதும் இதற்கு அத்தாட்சி.

இங்கே நம் நாட்டோடு தொடர்புடைய ஒரு சம்பவத்தையும் சொல்லவேண்டும். 1920-இல் இந்தியாவிலிருந்து பிரேஸில் தேசத்துக்குக் கப்பலேறிய திமில் மாடுகள் வழியில் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் இறக்கப்பட்டபோது, அவற்றோடு வெக்கையும் பெல்ஜியத்தில் இறங்கியது. பீதியடைந்த அரசாங்கங்கள் ஒன்றுகூடி, 1924-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் தேதி, 28 நாடுகளின் ஒப்பந்தத்தால் பாரிஸில் சர்வதேச விலங்குநோய் அலுவலகத்தை நிறுவின.

ஆப்பிரிக்காவின் துயரமோ எழுத்தில் அடங்காது. 1887-ஐ ஒட்டி செங்கடற்கரையில் புகுந்த நோய் பத்து ஆண்டுகளுக்குள் அந்தக் கண்டத்தின் தென்கோடி வரை சென்றது. எத்தியோப்பியாவில் மாடுகளில் பெரும்பகுதி அழிந்து, ஏர் பூட்ட எருதின்றி, 1888 முதல் 1892 வரை நீடித்த பஞ்சத்தில் மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் மாண்டிருக்கலாமென்று கருதப்படுகிறது. அந்தக் கண்டத்திலேயே, கென்யாவின் முகுகா ஆராய்ச்சி நிலையத்தில், வால்டர் பிளௌரைட் என்னும் ஆங்கிலேயக் கால்நடை மருத்துவர் 1950-களின் இறுதியில் கன்றின் சிறுநீரக உயிரணுக்களில் கிருமியை 90 தடவைக்கு மேல் வளர்த்து, எந்த இனத்து மாட்டுக்கும் எந்த வயதிலும் தீங்கிழைக்காத, ஆயுள் முழுவதும் பாதுகாக்கும் தடுப்பு மருந்தை உருவாக்கினார். சூல்கொண்ட பசுவுக்கும் அச்சமின்றிப் போடலாம். அவருக்கு 1999-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. நோய் ஒழிந்த பிரகடனத்தைக் கேட்க அவர் இருக்கவில்லை. அதற்கு முந்திய ஆண்டு காலமானார்.

மருந்து கிடைத்தாயிற்று, நோய் ஏன் உடனே ஒழியவில்லை? 1962-இல் ஆப்பிரிக்க நாடுகள் பல சேர்ந்து தொடங்கிய மாபெரும் ஊசித்திட்டம் ஒவ்வொரு பிரதேசமாக மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஊசி போட்டு, 1970-களின் நடுவில் நோயை ஏறக்குறைய மூலையில் ஒடுக்கியது. அத்துடன் காரியம் முடிந்ததென்று எண்ணிக் கைவிட்டார்கள். எஞ்சியிருந்த இரண்டொரு மூலைகளிலிருந்து 1980-களின் தொடக்கத்தில் நோய் மீண்டும் பொங்கி, கண்டத்தின் பெரும்பகுதியை வாரிக்கொண்டு போயிற்று. அந்த மூலைகள் எவை? சாலையில்லாத, போர் மூண்ட, மின்சாரம் என்ற பேச்சே இல்லாத மேய்ச்சல் நிலங்கள். அங்கே மருந்தைப் பனிக்கட்டிப் பெட்டியில் கொண்டுபோக முடியாது, அரசாங்க வைத்தியர் போகவும் துணியமாட்டார், போனாலும் அந்த மந்தைக்காரர்கள் அவரை நம்பமாட்டார்கள்.

ஜெஃப்ரி மரினர் என்னும் அமெரிக்கக் கால்நடை மருத்துவர், பிளௌரைட்டின் அதே கிருமியை உலர்த்தும் முறையை மாற்றி, வெயிலின் உஷ்ணத்திலும் ஏறத்தாழ ஒரு மாதம் கெடாதிருக்கும் மருந்தாக ஆக்கினார். அதனைவிட முக்கியமானதென்று நான் கருதுவது அதனை யார் கையில் கொடுத்தார்கள் என்பதே. உகாண்டாவின் கரமோஜா, எத்தியோப்பியாவின் அஃபார், அன்றைய சூடானின் தென்பகுதி முதலிய இடங்களில், மாடு மேய்க்கும் சமூகத்தாரே தமக்குள் தேர்ந்தெடுத்த ஆண்களுக்கும் பெண்களுக்கும் சில வாரப் பயிற்சி கொடுத்து, மருந்தையும் ஊசியையும் ஒப்படைத்தார்கள். எழுத்தறியாதவர் கையில் ஊசியா என்று தொழில்துறை அறிஞர் பலர் ஆட்சேபித்தனர். மருந்து ஏற்றிய மந்தைகளின் இரத்தத்தைச் சோதித்தபோது, பட்டம் பெற்றவர்கள் போட்ட ஊசிக்கு எவ்வகையிலும் குறையாத பாதுகாப்பு அங்கே தென்பட்டது. மாட்டை விரட்டாமல் பிடிப்பது, ஊசிக்கு அஞ்சாதபடி ஆற்றுப்படுத்துவது, எந்த மந்தை எந்தத் தண்ணீர்த் துறைக்கு எப்போது வரும் என்று அறிவது ஆகியவற்றில் அவர்களுக்கு யார் ஆசிரியராக முடியும்? கரமோஜாவில் 1994-இலும் எத்தியோப்பியாவில் 1995-இலும் வெக்கை முடிவுக்கு வந்தது.

கடைசிக் கட்டத்தில் எஞ்சியது மிகவும் தந்திரமான ஒரு கிளை. சோமாலியரின் மேய்ச்சல் காடுகளில் அது மாடுகளைக் கொல்லாமல், லேசான காய்ச்சலும் கண்ணீரும் சிறிது பேதியும் உண்டாக்கிவிட்டு மறைந்திருந்தது. பாடநூலில் உள்ள வெக்கையின் உருவம் அதற்கு இல்லையாதலால் படித்தவர்களின் கண்ணுக்கு அது புலப்படவில்லை. அங்கே கால்நடை மருத்துவர்கள் கையில் கேள்விப் படிவத்தோடு போகாமல், மந்தைக்காரர்களோடு உட்கார்ந்து, தரையில் கோடு கிழித்து, எந்தப் பருவத்தில் எந்த வயது மாட்டுக்கு எந்த நோய் வருகிறது என்று அவர்களையே சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். கண் மங்கி நீர் வடியும் அந்த லேசான நோயையும் கடுமையான வெக்கையையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று மேய்ப்போர் எடுத்துச் சொன்ன விவரம், எங்கே இரத்தம் எடுக்கவேண்டும் என்று ஆராய்ச்சியாளருக்கு வழிகாட்டியது. உலகில் கடைசியாக வெக்கை கண்டது 2001-இல், கென்யாவின் மெரு தேசியப் பூங்காவில், காட்டெருமைகளில்.

நம் தேசம் 1954-இல் தொடங்கிய ஒழிப்புத் திட்டம், 100-க்கு 80 மாடுகளுக்கு ஐந்து ஆண்டுகளில் ஊசி போட்டுவிடுவது என்னும் கணக்கைக் குறியாகக் கொண்டது. நோய்த் தாக்குதல்கள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் தென்னிந்தியாவில் பல ஆண்டுகள் அது அணையாமலே இருந்தது. ஊசிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதிலேயே கருத்தாயிருந்த நிர்வாகம், ஊசி சென்றடையாத மந்தைகள் எவை, மாட்டுத் தரகர்கள் எந்த வழியே எந்தச் சந்தைக்கு மாடு ஓட்டுகிறார்கள் என்று கேட்கத் தொடங்கியபோது போக்கு மாறியது. 1980-களின் பிற்பகுதியிலிருந்து நோயைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை முதன்மை பெற்றது. கிராமம் கிராமமாகச் சென்று, வாயில் புண்ணும் பேதியும் உள்ள மாடு உண்டா என்று கேட்பதே ஆய்வாளர்களின் நித்திய கடமையாயிற்று. இந்தியாவின் கடைசி வெக்கை 1995-இல் நம் தமிழ்நாட்டில் பதிவாயிற்று. 2006-இல் நாடு அந்நோய் நீங்கியதாகச் சர்வதேச அங்கீகாரம் பெற்றது.

இதற்கிடையே, 1987-இல், இன்றைய விழுப்புரம் மாவட்டத்துக்குட்பட்ட அரசூர் கிராமத்தில் ஆடுகளுக்கு ஒரு கொள்ளைநோய் வந்தது. ஆட்டுக்கும் வெக்கை வருமென்று அதுவரை இந்தியாவில் கருதிவந்தார்கள். ஆட்டில் கண்ட வெக்கை போன்ற நோயையெல்லாம் வெக்கையென்றே எழுதிவந்தார்கள். ஆடுகள் கூட்டங்கூட்டமாக மடியும்போது அருகிலுள்ள மாடுகளுக்கு ஒன்றும் நேராதிருப்பதைக் கண்ட எவருக்கும் ஓர் ஐயம் எழுந்திருக்க வேண்டும். அரசூரிலிருந்து சென்ற மாதிரிகளை ஆராய்ந்த பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஷைலா முதலியோர், அது வெக்கையன்று, அதன் தாயாதியான வேறொரு கிருமியால் வரும் ஆட்டுக்கொல்லி நோய் என்று நிலைநாட்டினர். இந்தியாவில் அந்நோய் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட ஊர் என்ற முறையில் அரசூரின் பெயர் உலகக் கால்நடை மருத்துவ நூல்களில் இடம்பெற்றிருக்கிறது. இந்தப் பிரிவினை தெரியாமலிருந்தால், ஆடுகளில் வெக்கை இருக்கிறதென்ற தவறான கணக்கோடு, நாடு நோய் நீங்கியதென்று நிரூபிப்பது மிகவும் கடினமாயிருந்திருக்கும்.

இப்போது அந்த ஆட்டுக்கொல்லி நோயையும் 2030-க்குள் உலகிலிருந்து ஒழிப்பதென்று அதே சர்வதேச ஸ்தாபனங்கள் உறுதி பூண்டிருக்கின்றன. ஆடு ஏழையின் செல்வம். நிலமில்லாத விதவைக்கும், பள்ளிக் கட்டணம் கட்டவேண்டிய கூலிக்காரருக்கும் பட்டியில் நிற்கும் நாலைந்து ஆடுகளே வங்கிக் கணக்கு. அந்த நோய்க்கான தடுப்பு மருந்து நம் நாட்டிலேயே தயாராகிறது. ஆயினும் மருந்து மட்டும் போதாது என்று முந்திய நோயின் வரலாறு கூறுகிறது. எனவே கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் ஒரு வேண்டுகோள்: உங்கள் மாவட்டத்துக் கிடைபோடும் இடையர்களையும், ஆட்டுச் சந்தைத் தரகர்களையும், வீட்டில் ஆடு வளர்க்கும் பெண்களையும் தேடிச் சென்று, எந்த மாதத்தில் எந்த நோய் வருகிறது, எந்த ஊசிக்குப் பிறகு எந்த ஆடு எப்படியிருந்தது, எந்த மருந்து பலித்தது, எது கெடுதல் செய்தது என்று அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லும் சொற்களிலேயே எழுதி, தேதியிட்டு, நீங்கள் பணிபுரியும் மருந்தகத்தின் பதிவேட்டில் சேர்த்துவையுங்கள், அந்தப் பெரியவர்கள் உயிரோடிருக்கும்போதே இதனைச் செய்யுங்கள்.